வெஸ்ட் பாயின்ட் நாமினேஷன்: யாரிடம் கேட்பது, இடம் எப்படிக் கிடைக்கிறது

அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமி, அனாபொலிஸ் கடற்படை அகாடமி, கொலராடோ விமானப்படை அகாடமி மூன்றுக்கும் நல்ல மதிப்பெண் மட்டும் போதாது, நாமினேஷனும், அதாவது செனட்டர் போன்றவர்கள் உங்கள் பெயரை அகாடமிக்கு முன்மொழிவதும், கையில் இருக்க வேண்டும். என் மகளுக்காக இதில் இறங்கியபோது புரிந்துகொண்டதை எழுதுகிறேன். அகாடமி விண்ணப்பத்தைத் தொடங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில், மாநிலத்தின் இரண்டு செனட்டர்கள், உங்கள் தொகுதியின் பிரதிநிதி, துணை ஜனாதிபதி என்று நான்கு பேரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். பெற்றோர் ராணுவத்தில் நீண்டகாலம் இருந்தவர்கள் என்றால் ஜனாதிபதி வழியும் உண்டு.

அடுத்ததுதான் எனக்குப் பிடிபட நேரமான இடம். ஓர் உறுப்பினரின் (செனட்டர் அல்லது பிரதிநிதி) கணக்கில் ஓர் அகாடமியில் ஒரே சமயத்தில் 5 பேர் படிக்கலாம். வருஷத்துக்கு 5 இல்லை, மொத்தமே 5! யாராவது பட்டம் வாங்கிக்கொண்டோ பாதியில் விலகியோ வெளியே போனால்தான் இடம் காலி, அதனால் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான் தேறும். அந்த ஓர் இடத்துக்குப் பலரை முன்மொழிவார்கள். வரிசை போடாமல் பெயர்களை மட்டும் கொடுத்தால் அகாடமியே தேர்ந்தெடுக்கும். ஒருவரை முதன்மை என்று குறித்துவிட்டால், அவர் எல்லாத் தகுதியும் பெற்றிருக்கும்பட்சத்தில், பின்னால் இருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இடம் முதன்மையானவருக்கே. மற்றவர்களை வரிசைப்படுத்துவதும், போட்டிக்கு விடுவதும் உறுப்பினர் விருப்பம். அலுவலகத்துக்குப் போன் செய்து எந்த முறை என்று கேட்டுவிடுங்கள். அந்த இடம் கைநழுவினாலும் நாமினேஷன் வீணில்லை. தகுதியுள்ளவர்களை அகாடமி தேசியப் பட்டியலிலிருந்தும் எடுக்கும், அது உறுப்பினரின் 5-ல் சேராது.

அப்புறம் தேதிகள். பெயர்கள் அகாடமிக்குப் போகக் கடைசி நாள் ஜனவரி 31, ஆனால் அலுவலகங்கள் பலவும் இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பத்தை மூடிவிடும். ஒவ்வொன்றும் கேட்கும் கட்டுரை, பரிந்துரைக் கடிதம் எல்லாம் வேறு வேறு. ஒரு கூகுள் ஷீட்டில் போட்டு வைத்தால் போதும், காசு வாங்கும் ஆலோசகர் தேவையே இல்லை என்பது என் கருத்து. அகாடமிகளை விருப்ப வரிசையில் எழுதச் சொல்வார்கள். நேர்காணலில் அதைத்தான் தோண்டுவார்கள், யோசித்து எழுதுங்கள்.

பிற்சேர்க்கை: கமெண்டில் கேட்டவர்களுக்கு, கடலோரக் காவல்படை அகாடமிக்கு நாமினேஷன் வேண்டாம். கிரீன் கார்டு மட்டும் போதாது, சேரும் நாளில் குடியுரிமை இருக்க வேண்டும். கிரீன் கார்டோடு உங்களுடன் வாழும் பிள்ளைக்கு 18 ஆகும் முன் நீங்கள் குடியுரிமை பெற்றிருந்தால் பிள்ளைக்கும் அது தானாக வந்துவிடும். அதற்குச் சான்றாகப் பிள்ளையின் அமெரிக்கப் பாஸ்போர்ட்டை மட்டும் இப்போதே எடுத்துவிடுங்கள்.