பழைய காரைச் செப்பனிடுவதா, மாற்றுவதா?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் போன்ற ஊர்களில் பெரிய வீடுகளின் கொட்டகையில் நிற்கும் கார்கள் பலவும் ஓடிப் பழையவை அல்ல, நின்றே பழையவை. உடையவர்கள் வெளியூரில் இருப்பதால், படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும் மட்டுமே வண்டி வெளியே வரும். ஆகவே, கிலோமீட்டர் கணக்கு குறைவாக இருப்பதைக் கண்டு வண்டி நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது.

முதலில் ஆர்.சி.யை, அதாவது பதிவுச் சான்றைப் பாருங்கள். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு தகுதிச் சோதனையில் தேறினால் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய்; 20 ஆண்டுகளைக் கடந்த காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. பழைய வண்டிகளுக்கான பசுமை வரி தனி. பதிவு முடியச் சில மாதங்களே இருக்கும் வண்டிக்கு, இந்தச் செலவையும் சேர்த்துப் பார்க்காமல் என்ஜினைப் பிரிக்கச் சொல்ல வேண்டாம்.

அடுத்து, பட்டறையில் தரும் மதிப்பீட்டை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். பேட்டரி, டயர், கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, ஷாக் அப்சார்பர், ரேடியேட்டர் ஹோஸ் ஆகியவை எந்தக் காரிலும் தேய்ந்து மாற்றப்பட வேண்டியவை. அவற்றுக்கான செலவைக் கண்டு வண்டியையே வெறுக்கத் தேவையில்லை. டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு எண்களைப் படியுங்கள்: 2316 என்றிருந்தால் அது 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பட்டன் (டயரின் மேற்புற வரிகள்) தேயாமல் புதிதுபோல் தெரிந்தாலும், ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருந்தால் அந்த டயரோடு திருச்சி சாலையில் ஏறக் கூடாது.

என்ஜின், கியர்பாக்ஸ், அடித்தளத் துரு ஆகியவை இரண்டாம் பட்டியல். இரவு முழுதும் நின்ற வண்டியைக் காலையில் வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து கூலண்டும் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்துகொண்டே போனால், என்ஜினின் மேல்பகுதியைக் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். எதையும் பிரிப்பதற்கு முன் சிலிண்டர்களில் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். மெக்கானிக் தயங்கினால் வேறொருவரிடம் காட்டுவதே நல்லது. பிறகு மிதியடி விரிப்பைத் தூக்கி, தரைத் தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். தகடு உள்வாங்கினாலோ, சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்தில் துரு அரித்திருந்தாலோ, என்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் செலவை அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்தால் துரு மறையுமே தவிர, உறுதி திரும்பாது.

செப்பனிடும் செலவு காரின் விற்பனை விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிட வேண்டும் என்று பலரும் சொல்வதுண்டு. பதினைந்து ஆண்டு பழைய காருக்கு இது பொருந்தாது. நான்கு டயரும் ஒரு பேட்டரியும் வாங்கினாலே சில வண்டிகளில் அந்தப் பாதி வந்துவிடும். வரும் ஓராண்டுக் கணக்கைப் போடுவதே சரி. செப்பனிட 60,000 ரூபாய் ஆகிறது, புதுக் காருக்கு மாதத் தவணை 11,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தவணை மட்டுமே ஆண்டுக்கு 1,32,000 ரூபாய். முன்பணமும் காப்பீடும் வேறு. செப்பனிட்ட வண்டி இரண்டாம் பட்டியல் வேலை இல்லாமல் ஓராண்டு ஓடும் என்று மெக்கானிக் துணிந்து சொன்னால் செப்பனிடலாம். அதே ஆண்டில் இரண்டாவது பெரிய வேலையும் வந்துவிட்டால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

பணத்தால் சரிசெய்ய முடியாத குறை ஒன்று உண்டு. புதிய கார்களில், திடீரென பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக் 2019 ஏப்ரலிலும், ஓட்டுநர் ஏர்பேக் அதே ஆண்டு ஜூலையிலும் கட்டாயமாயின. அவை இல்லாத வண்டி உள்ளூர்ச் சந்தைக்கும் கோயிலுக்கும் போதும். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு இரவில் நெடுந்தூரம் போகிறவர்கள், கணக்கு எப்படி வந்தாலும் மாற்றிவிடலாம் என்பதே என் கருத்து.

விற்பதாக முடிவானால், 29, 30ஆம் படிவங்களை நிரப்பிப் பெயர்மாற்றம் முடியும்வரை பின்தொடருங்கள். இல்லையெனில், அந்த வண்டி எங்கே விபத்தில் சிக்கினாலும் ஆர்.சி.யில் உள்ள உங்கள் பெயருக்கே அறிவிப்பு வரும்.