வீடு வாங்கும் முன் நர்சிங் போர்டைப் பாருங்கள்: அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர் ஆக நினைப்பவர்களுக்கு

ஊரில் எம்.எஸ்சி. நர்சிங் முடித்து, பத்து வருஷம் ஐ.சி.யூ.வில் நின்றுவிட்டு இங்கே வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "நேரா நர்ஸ் பிராக்டிஷனர் (நோயாளியைப் பார்த்து மருந்தும் எழுதும் நர்ஸ்) ஆயிடலாமாக்கா?" ஆக முடியாது. முதலில் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) உரிமம், பிறகு இங்குள்ள அங்கீகாரம் பெற்ற முதுநிலைப் படிப்பு, அதன் பிறகு தேசியச் சான்றுத் தேர்வு, கடைசியில் மாநில நர்சிங் போர்டின் உரிமம். இந்தியாவில் கிரிட்டிகல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் படித்தவர்களுக்கும் இதே வரிசைதான்.

ஆர்.என். கட்டத்தில் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் பரீட்சையைவிட நம் பெயர்தான் அதிகம் படுத்தும். என் பட்டச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருந்தது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால். கல்யாணத்துக்கு அப்புறம் மாற்றிய ஆதாரில் கணவர் பெயர். ஃபைலைப் பார்க்கிறவருக்கு நாங்கள் மூன்று பெண்கள்! மூவரும் ஒருவரே என்று நோட்டரி முன்னிலையில் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, ஊரிலிருந்து கிளம்பும்போதே கையில் எடுத்து வாருங்கள்.

மதிப்பெண் விவரங்களைக் கல்லூரியோ பல்கலைக்கழகமோ நேரடியாக, வெளிநாட்டுப் படிப்பைச் சரிபார்க்கும் மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். நாம் கையில் கொண்டுவந்த நகல் செல்லாது. எனக்கு வகுப்பு மணி நேரத்தையும் வார்டு மணி நேரத்தையும் பிரிக்காமல் ஒரே எண்ணாகப் போட்டு அனுப்பிவிட்டார்கள். அதைத் திருத்தி வாங்க என் தம்பி கல்லூரி அலுவலகத்துக்கு நாலு நடை நடந்தான். எச்-4இல் (எச்-1பி விசாக்காரரின் துணைக்கான விசா) வந்தவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல் சில மாநிலங்கள் உரிமம் தராது. கலிபோர்னியா அதற்குப் பதிலாக ஐ.டி.ஐ.என். என்ற வரி எண்ணை ஏற்றுக்கொள்கிறது.

முதுநிலைப் படிப்புக்கு, நர்சிங் படிப்புகளை மதிப்பிடும் அமைப்புகளான சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். 2022இல் வந்த தேசியத் தரநிலை நோயாளிகளோடு குறைந்தது 750 மணி நேரப் பயிற்சி கேட்கிறது. ஆன்லைன் படிப்பு என்று மயங்க வேண்டாம். பல இடங்களில் பயிற்சி தரும் மருத்துவரையோ நர்ஸ் பிராக்டிஷனரையோ நாமே தேடிப் பிடிக்க வேண்டும். சில கல்லூரிகள் சில மாநிலத்துக்காரர்களைச் சேர்ப்பதே இல்லை. குடும்ப மருத்துவம், மனநலம், குழந்தைகள் என்று எந்தப் பிரிவில் படிக்கிறீர்களோ அதற்குத்தான் உரிமமும். பின்னால் பிரிவு மாற வேண்டுமென்றால் திரும்பவும் படிப்புதான்.

மாநிலத்துக்கு மாநிலம் கதையே வேறு. அரிசோனாவிலும், சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்திலும் உரிமம் கிடைத்ததுமே சுயமாக நோயாளி பார்த்து மருந்து எழுதலாம். டெக்சாஸில் எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும், மருந்து எழுத ஒரு மருத்துவரோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும். நியூயார்க்கில் 3,600 மணி நேரம் வேலை பார்த்தபின் அந்தக் கட்டாயம் விலகும். கலிபோர்னியாவில் 2020இல் நிறைவேறிய சட்டம் இரண்டு படி வைத்திருக்கிறது: மூன்று வருஷம் அல்லது 4,600 மணி நேரம் முடித்தால் முதல் படி, அதில் மேலும் மூன்று வருஷம் இருந்தால் முழுச் சுதந்திரம். கணவர் வேலைக்காக டெக்சாஸ் பக்கம் டாலஸா, சியாட்டிலா என்று வீட்டில் பேச்சு வரும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள். சொந்தமாக கிளினிக் வைக்கும் ஆசை இருந்தால், நான் சியாட்டில் பக்கம்தான் பேசுவேன்.

கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுத, மத்திய அரசின் போதைமருந்துத் தடுப்பு அமைப்பான டி.இ.ஏ.வின் பதிவு தனி. அதற்கு ஒருமுறை 8 மணி நேரப் பயிற்சி உண்டு.

ஆர்.என். உரிமம் ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றின் உரிமத்தை மற்றொன்று ஏற்கும் ஒப்பந்தத்தில் சேர்ந்த மாநிலங்கள் பலவற்றில் வேலை பார்க்கலாம். அந்த வசதியை நர்ஸ் பிராக்டிஷனர் உரிமத்தில் எதிர்பார்க்காதீர்கள். வீடியோவில் பார்த்தாலும் நோயாளி உட்கார்ந்திருக்கும் மாநிலம்தான் கணக்கு. நியூஜெர்சியின் எடிசன் ஊர் நோயாளி ஒருவர் நியூயார்க் மாநிலத்தின் பக்கம் நயாகரா பார்க்கப் போன இடத்திலிருந்து, "மேடம், இருமல் நிக்கல" என்று கூப்பிட்டால், நீங்கள் நியூஜெர்சியிலேயே இருந்தாலும் நியூயார்க் உரிமம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடர வேண்டும்.