பெரிய அரசுக் கல்லூரியா, சிறிய நிகர்நிலைப் பல்கலையா? பொறியியலுக்குப் பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலிருந்து அழைப்பு வரத் தொடங்கிவிடும். கிண்டி, எம்ஐடி போன்ற அண்ணா பல்கலைக்கழக வளாகங்களுக்கும் அரசுப் பொறியியல் கல்லூரிகளுக்கும் இடம் தரும் டிஎன்இஏ (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) கலந்தாய்வு அதற்குப் பல வாரம் கழித்துத்தான் நடக்கும். நடுவில் உள்ள இந்த நாட்களில்தான், "சீட் போயிடும்" என்ற பயத்தில் பலர் லட்சக்கணக்கில் கட்டிவிடுகிறார்கள். முதலில் கட்ஆஃபைப் போட்டுப் பாருங்கள்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக மொத்தம் 200. அதை, உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில் எந்தப் பாடப்பிரிவு எந்தக் கட்ஆஃபில் நின்றது என்ற முந்தைய ஆண்டுப் பட்டியலோடு ஒப்பிட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கலந்தாய்வில் வருவதில்லை. அவை தனியாகவே சேர்க்கின்றன.

அடுத்தது சலுகை. முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் கலந்தாய்வு வழியே வரும் இடங்களுக்குத்தான். 7.5 சதவீதத்தில் வருபவர்களுக்குப் படிப்புக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இதற்குத் தகுதியுள்ள பிள்ளையை வெளியே சேர்ப்பதற்குமுன் இரண்டு தடவை யோசியுங்கள்.

செலவை ஓராண்டுக்குப் பார்க்காதீர்கள், நான்காண்டுக்குப் பாருங்கள். உதாரணமாக, ஆண்டுக் கட்டணம் 2.25 லட்சம், விடுதியும் சாப்பாடும் 1.2 லட்சம் என்றால் மொத்தம் 13.8 லட்சம். இதில் 7.5 லட்சத்தை 10 சதவீத வட்டியில், ஆண்டுக்கு ஒரு தவணையாகக் கடன் வாங்கினால், படிப்பு முடிந்து ஓராண்டில் தனிவட்டியாகவே சுமார் 2.6 லட்சம் சேர்ந்திருக்கும். அதைப் பத்து ஆண்டில் அடைக்க மாதம் 13,400 ரூபாய் வரை ஆகும். வேலையில் சேர்ந்ததும் கைக்கு வரும் சம்பளத்தில் இது எத்தனை பங்கு என்று பிள்ளையையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.

இனி கல்லூரியின் தரம். பேனரில் போட்டிருக்கும் "அதிகபட்சச் சம்பளம்" ஒரே ஒருவருக்குக் கிடைத்தது. அதை விட்டுவிட்டு, கல்லூரி இணையதளத்தில் என்ஐஆர்எஃப் (மத்திய அரசின் கல்லூரித் தரவரிசை) என்ற பக்கத்தைத் தேடுங்கள். தரவரிசைக்காகக் கல்லூரி கொடுத்த விவரங்கள் பிடிஎஃப் ஆக அங்கே கிடக்கும். அதில் நான்காண்டுப் பட்டப்படிப்பு அட்டவணையில் சேர்ந்தவர் எண்ணிக்கை, உரிய காலத்தில் பட்டம் முடித்தவர், வேலை பெற்றவர், இடைநிலைச் சம்பளம் (சம்பளங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது), மேற்படிப்புக்குப் போனவர் என வரிசையாக இருக்கும். 120 பேர் சேர்ந்து 84 பேர்தான் உரிய காலத்தில் முடித்திருந்தால், மீதி 36 பேர் அரியரிலோ பாதியிலோ நின்றவர்கள். 60 பேருக்கு வேலை கிடைத்திருந்தால் அது பாதி. விளம்பரத்தில் மட்டும் "92 சதவீதம்" என்று எப்படி வருகிறது? வேலைக்குப் பதிவு செய்த 65 பேரை மட்டும் கணக்கில் எடுத்தால் வந்துவிடும்! ஒரு எச்சரிக்கை: இந்த அட்டவணை கல்லூரி முழுவதற்குமானது. உங்கள் துறைக்கு மட்டும் எத்தனை என்பதை வேலைவாய்ப்புப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

ஆசிரியர் பட்டியலும் பாருங்கள். சேர்ந்த தேதி என்ற பத்தியில் பெரும்பாலானவர்கள் போன ஆண்டுதான் வந்தவர்கள் என்றால், ஆள் நிலைப்பதில்லை என்று அர்த்தம். தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ விதிப்படி 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர். அரசுக் கல்லூரியில் வேறு சிக்கல்: நிரந்தரப் பணியிடம் காலியாகக் கிடக்கும், கௌரவ விரிவுரையாளர் ஓட்டுவார். தர அங்கீகாரத்தில் நாக் என்பது நிறுவனத்துக்கு, என்பிஏ என்பது பாடப்பிரிவுக்கு. உங்களுக்குத் தேவை பின்னது.

வேலை நாளில், முடிந்தால் மதியம் ஆய்வக நேரத்தில் நேரில் போங்கள். ஒரு கருவியைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். மூன்று பேர் என்றால் எல்லார் கையும் படும். எட்டுப் பேர் என்றால் இருவர் செய்வார்கள், மற்றவர்கள் அளவீட்டைப் பார்த்து எழுதுவார்கள். மூன்றாமாண்டுப் பிள்ளைகளிடம் இரண்டே கேள்வி போதும்: கையேட்டில் இருக்கும் விருப்பப் பாடங்களில் உண்மையில் எத்தனை நடக்கின்றன? கம்பெனிகள் இங்கேயே வருகின்றனவா, வேறு கல்லூரிக்கு அழைத்துப் போகிறார்களா? அறுபது பேர் இருக்கும் துறையில் குறைந்த எண்ணிக்கை சேராமல் விருப்பப் பாடம் ரத்தாவது சகஜம். கம்பெனியும் கூட்டம் இருக்கும் இடத்தையே தேடும். ஆனால் சிறிய இடத்தில் பேராசிரியருக்கு உங்கள் பிள்ளையின் பெயர் தெரியும். இரண்டு வாரம் வகுப்புக்கு வராவிட்டால் வீட்டுக்குப் போன் வரும். பெரிய வளாகத்தில் அரியர் மூன்றாகும்வரை யாரும் கேட்கமாட்டார்கள். தானாக எழுந்து படிக்காத பிள்ளைக்கு இது பெரிய வித்தியாசம்.

வளாகக் கல்லூரியில் பிடிக்காத பிரிவா, வெளியே பிடித்த பிரிவா? பாடமே பிடிக்காதென்றால் கல்லூரிப் பெயருக்காக எடுக்காதீர்கள். பிரிவு மாற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் சேர்வது அதைவிட மோசம். கலந்தாய்வில் தரும் விருப்பப் பட்டியலை "கிடைக்குமா" என்று பார்த்து அடுக்காமல், ஆசையின் வரிசையில் அடுக்குங்கள். கணினி மேலிருந்துதான் பார்த்து வரும், மேலே போட்டதால் கீழே உள்ளது பறிபோகாது.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டு, பிறகு கலந்தாய்வில் இடம் கிடைத்தால் உடனே எழுத்தில் விலகுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி, அறிவிக்கப்பட்ட கடைசிச் சேர்க்கைத் தேதிக்கு 15 நாளுக்கு முன்பே விலகினால் முழுத் தொகையும் (அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடித்தம் போக), 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம், தேதி தாண்டி 15 நாள் வரை 80, 30 நாள் வரை 50, அதன்பின் ஒன்றுமில்லை. அந்தந்த ஆண்டுச் சுற்றறிக்கையில் இதைவிடச் சாதகமான தேதி இருக்கிறதா என்றும் பாருங்கள். அதனால் ரொக்கமாகக் கட்டாதீர்கள், ரசீதில் தலைப்பு வாரியாகத் தொகை பிரித்திருக்கிறதா என்று சரிபாருங்கள், அசல் சான்றிதழ்களைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றைப் பிடித்து வைக்க எந்தக் கல்லூரிக்கும் அனுமதி இல்லை.