பங்குனி வெயிலில் பூ பார்க்கப் போவது எப்படி: குமரிக் கடலோரத்துக்கு ஒரு வழிமுறை

மாசி கடைசியிலேயே வெயில் முதுகில் அறைகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு வசந்தகால உலா பற்றி எழுதினால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் குமரி மாவட்டத்தில் கொன்றையும் புங்கும் வேம்பும் இந்த வெயிலில்தான் பூக்கின்றன, மழை நின்று மண் காய்ந்து பாதி இலை உதிர்ந்த பிறகு. ஊட்டி மலர்க் கண்காட்சி மாதிரி தொட்டியில் வரிசையாக வைத்திருக்க மாட்டார்கள், சாலை ஓரத்திலும் கடற்கரை மணலிலும் கோயில் குளத்திலும் சிதறிக் கிடக்கும், அதைத் தேடிப் போகத் தெரியாமல்தான் பலர் கன்னியாகுமரிக்குப் போய் விவேகானந்தர் பாறையையும் சங்குக் கடையையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். முதல் தடவை போகிறவர்களுக்காக, எதை எந்த வரிசையில் பார்ப்பது என்று இங்கே சொல்கிறேன். எந்த இடம் என்பதைவிட எத்தனை மணிக்கு என்பதே இதில் முக்கியம்.

1. நாளைக் குறியுங்கள்

பங்குனி இரண்டாம் பாதி. ஆங்கில மாதக் கணக்கில் மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் 11, 12 வரை. இன்னும் தள்ளிப் போட்டால் சித்திரை ஒன்று வந்துவிடும், வந்தால் கொன்றையை மறந்துவிடுங்கள். காரணம் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது, அதனால் வீட்டில் தமிழ் பேசினாலும் சித்திரை ஒன்றன்று விடியலில் முதல் காட்சியாக விஷுக்கனி காண்பது இங்கே பழக்கம். கனிக்குக் கொன்றைப்பூ வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் கொக்கி கட்டிய கம்போடு பிள்ளைகள் கிளம்பினால் எட்டுகிற கிளை ஒன்றும் மிஞ்சாது. களியக்காவிளை தாண்டி அந்தப் பக்கமும் இதே கதைதான், கொன்றை கேரளத்தின் மாநில மலர் வேறு.

அதேபோல மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் திருவிழாவான கொடை நடக்கும் பத்து நாளும் குளச்சல் பக்கச் சாலையைத் தவிருங்கள். கொடைக்கே போகிறீர்கள் என்றால் சரி, பூ பார்க்க அந்தக் கூட்டத்தில் வழியில்லை. ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு உவப்பில்லை. கடற்கரை ஊர்களில் காலைத் திருப்பலி முடிந்து தெரு நிறைந்திருக்கும், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. வேலை நாள் கிடைத்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை.

2. கடல் எச்சரிக்கையைப் பாருங்கள்

இதைப் படிக்காமல் தாண்டாதீர்கள். பங்குனி, சித்திரை, வைகாசியில் இந்தக் கரையில் கள்ளக்கடல் வரும். வானம் பளிச்சென்று இருக்கும், காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, திடீரென்று கடல் பெருத்து மணலேறும். தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கும் புயல் கிளப்பிவிட்ட நீண்ட அலைகள்தான் சில நாள் பயணப்பட்டு இங்கே வந்து சேர்கின்றன. உள்ளூரில் ஒரு அறிகுறியும் இல்லாமல் வருவதால்தான் அந்தப் பெயர். 2024 மே மாதம் கணபதிபுரம் பக்கத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தது இப்படி எச்சரிக்கை இருந்த நாளில்தான்.

ஹைதராபாத்திலிருக்கும் இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை வெளியிடும், பத்திரிகையிலும் டிவியிலும் வந்துவிடும். எச்சரிக்கை இருந்தால் கடற்கரையை விட்டுவிட்டு நேராக ஐந்தாம் படிக்குப் போங்கள், பூ அங்கேயும் இருக்கிறது. எச்சரிக்கை இல்லாத நாளிலும் நாம் பார்க்க வந்த செடிகளெல்லாம் அலை தொடாத மேல்மணலில்தான் இருக்கின்றன, தண்ணீரில் இறங்க வேண்டிய அவசியமே இல்லை.

3. பையில் என்ன

தண்ணீர், தொப்பி அல்லது குடை, பின்பக்கம் வார் உள்ள செருப்பு. வெறுங்காலில் மணலில் நடப்பது படத்துக்கு அழகு, ராவணன் மீசை என்ற முள்ளுப் புல் குத்தினால் தெரியும். வெள்ளைச் சட்டை வேண்டாம், ஏன் என்று ஆறாம் படியில் சொல்கிறேன்.

பேருந்தில் போகிறவர்கள் நாகர்கோவில் அண்ணா பேருந்து நிலையத்தில் டவுன் பஸ் பிடிக்கலாம். விடியற்காலையில் எல்லா இடத்துக்கும் வண்டி கிடைக்காது என்பதால் இரண்டு பேராக ஸ்கூட்டரில் போவதுதான் என் பரிந்துரை. கார் எடுத்தால் பாதிப் பூவைக் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பீர்கள்.

4. விடியும்போது மணலில் இருங்கள்

சொத்தவிளைக் கடற்கரையிலிருந்து தொடங்குங்கள். ஆறு, ஆறேகாலுக்கு அங்கே இருந்தால் நல்லது. கடலைப் பார்த்து ஓடாமல், கரைக்கு மேலே மணல்மேடு தொடங்கும் இடத்தில் நில்லுங்கள். தரையோடு தரையாகக் கொடி ஒன்று படர்ந்திருக்கும், தடித்த இலை நடுவில் பிளந்து ஆட்டுக் குளம்பு வடிவில் இருக்கும். அதுதான் அடம்பு, சங்கப் பாட்டில் நெய்தல் நிலத்துப் பூவாக வருகிற அடும்பு. பூ இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்தது, புனல் வடிவம், தொண்டைப் பகுதி மட்டும் அடர்நிறம். காலையில் விரிந்தது வெயில் ஏறினால் சுருண்டுவிடும், பத்து பதினொன்றுக்கு வந்தவர்கள் வெறும் இலையைப் பார்த்துவிட்டு இங்கே ஒன்றுமில்லை என்று போவார்கள்.

குனிந்து ஒரு கொடியைப் பின்தொடர்ந்து பாருங்கள். கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைப் பிடித்திருக்கும். மேட்டைக் காற்று அள்ளிக்கொண்டு போகாமல் இருப்பதற்கு இந்தக் கொடியும் பக்கத்திலிருக்கும் ராவணன் மீசைப் புல்லும் பெரிய காரணம், அதனால் மிதித்துக்கொண்டு நடக்காமல் ஏற்கெனவே இருக்கும் ஒற்றையடிப் பாதையில் போங்கள். ராவணன் மீசையில் ஆண் தனி, பெண் தனி. பெண் செடியின் பூத்தலை முள்ளுருண்டையாகக் காய்ந்து கழன்று காற்றில் உருண்டு போகும், போகிற வழியெல்லாம் விதை சிந்தும். காற்றுள்ள நாளில் இரண்டு உருண்டைகள் போட்டிபோட்டு ஓடுவதைப் பார்த்தால் குழந்தைகளை வண்டியில் ஏற்றுவது கஷ்டம்.

அப்புறம் கடப்புறத்து வீடுகளின் பக்கம் நடந்தால் பூவரசும் புன்னையும் வரும். பூவரசம்பூ காலையில் மஞ்சள், நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டு. அதே பூ சாயங்காலத்துக்குள் மங்கிய சிவப்பாக மாறி உதிரும். மரத்தில் இன்றைய மஞ்சளும் தரையில் நேற்றைய சிவப்பும் இருப்பதைப் பார்த்து இரண்டு சாதி மரம் என்று நினைக்காதீர்கள். புன்னை எப்போது பூக்கும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது, மரத்துக்கு மரம் மாறும். பூத்திருந்தால் மூக்குதான் முதலில் சொல்லும். பளபளக்கும் கரும்பச்சை இலைக்கு நடுவே வெள்ளை இதழ், உள்ளே மஞ்சள் மகரந்தக் கற்றை. இதன் கொட்டையிலிருந்து எடுத்த எண்ணெய்தான் ஒரு காலத்தில் விளக்குக்கும் வள்ளம் என்கிற மரப்படகுக்கும்.

ஊருக்குள் நடக்கும்போது ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். வலை பிரித்துப் போட்டிருப்பார்கள், நெத்திலி காய வைத்திருப்பார்கள், அது அவர்கள் முற்றம். “அக்கா, இப்படியே போலாமா?” என்றால் போதும். “போ மக்களே, வலைய மட்டும் மிதிக்காத” என்பார்கள், மரம் எங்கே பூத்திருக்கிறது என்றும் சேர்த்துச் சொல்வார்கள்.

எட்டு மணிக்குள் மணலை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். மணவாளக்குறிச்சிப் பக்கம் தொடங்கியிருந்தால் இன்னும் முன்னதாக, அங்கே கருமணல் சீக்கிரம் சுடும்.

5. குளத்துக்குப் போங்கள்

மணக்குடி வழியாக வாருங்கள். பழையாறு கடலில் சேரும் காயல் அங்கேதான், கரையில் அலையாத்தி மரங்கள் உண்டு, பாலத்தில் ஒரு ஐந்து நிமிடம் நின்றால் போதும். அங்கிருந்து உள்ளே திரும்பினால் சுசீந்திரம், தேரூர். இந்த இரண்டு குளங்களும் சேர்ந்த ஈரநிலம் 2022ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை பங்குனியில் கிளம்பிக்கொண்டிருக்கும், நாம் தாமரைக்காக வந்திருக்கிறோம்.

தாமரையும் நேரம் பார்க்கிற பூ. காலையில் விரிந்து மதியத்துக்கு மூடிக்கொள்ளும், மறுநாள் திரும்பத் திறக்கும், மூன்று நாலு நாளில் இதழ் கொட்டிப் பச்சைப் பொகுட்டு மட்டும் நிற்கும். கரையோரத்தில் ஒரு பூவின் உள்ளே எட்டிப் பார்க்க முடிந்தால் மஞ்சள் மகரந்தத்துக்குள் வண்டுகள் மொய்ப்பது தெரியும். பூத்திருக்கும் நாட்களில் தாமரை தன் உள்ளே தானே சூட்டை உண்டாக்கி 30 முதல் 35 டிகிரி வரை வைத்துக்கொள்ளும், இரவு குளிர்ந்தாலும் பூச்சிக்கு உள்ளே கதகதப்பு. பறிக்க இறங்காதீர்கள். பல குளங்களில் பூ குத்தகைக்குப் போயிருக்கும், தவிர சேற்றில் கொடி காலைச் சுற்றினால் நீச்சல் தெரிந்தவனும் திணறுவான்.

ஒரு விஷயம். பாசனத்துக்குப் பேச்சிப்பாறை அணையை வழக்கமாக ஜூனில்தான் திறப்பார்கள், எனவே இந்த மாதங்களில் சில குளங்கள் வற்றி வெறும் சேறாகக் கிடக்கும். சாலையிலிருந்து பார்த்துவிட்டு அடுத்த குளத்துக்கு நகருங்கள், இந்த ஊரில் குளத்துக்குப் பஞ்சமில்லை.

6. வெயில் ஏறியதும் மரத்தடி

ஒன்பதரைக்கு மேல் சாலையோர மரங்கள். புங்கமரத்தடியில் வெளிர் ஊதாவும் வெள்ளையுமாகத் தரை தெரியாமல் பூ கொட்டியிருக்கும், நிழலும் அடர்த்தி, வண்டியை அங்கே நிறுத்துங்கள்.

இப்போது கொன்றை. புதியவர்கள் மஞ்சளாகத் தெரிவதையெல்லாம் கொன்றை என்று படமெடுத்துப் போடுகிறார்கள். நகரத்துச் சாலைகளில் நிழலுக்காக நட்ட பெருங்கொன்றையில் பூங்கொத்து மேல்நோக்கி நிற்கும், மொட்டு துருப்பிடித்த நிறம், தட்டையான காய் செம்பு நிறம். அசல் கொன்றையில் சரம் தலைகீழாகத் தொங்கும். இலை ஏறக்குறைய இருக்காது. போன வருடத்துக் காய்கள் கருத்து நீண்டு, முழம் நீளத்துக்கும் மேல், பூவுக்கு நடுவிலேயே ஆடிக்கொண்டிருக்கும். காய் முற்ற ஏறக்குறைய ஒரு வருடம் எடுப்பதால் புதுப் பூவும் பழைய காயும் ஒன்றாகத் தெரிகின்றன, அடையாளத்துக்கு இது போதும்.

ஒரு சரத்தைக் கையில் தாங்கிப் பாருங்கள், பறிக்க வேண்டாம். நுனியில் மொட்டு, மேலே விரிந்த பூ. ஐந்து இதழ், பத்து மகரந்தத் தாள், அதில் மூன்று மட்டும் நீண்டு கொக்கிபோல் மேலே வளைந்திருக்கும். நின்று பார்த்தால் பெரிய கருவண்டு வரும். சின்ன உயிர் இல்லை, இறங்கியதும் பூ தாழும், வண்டு உடம்பை அதிரவிட்டு மகரந்தத்தை உதறி எடுக்கும். இறகுச் சத்தத்திலிருந்து அந்த உதறல் சத்தம் வேறாகக் கேட்கும், வண்டிச் சத்தமில்லாத கிளைச் சாலையில் நின்றால். இதற்குப் பத்து நிமிடம் செலவிடுங்கள், நாளில் மற்ற எதைக் குறைத்தாலும் பரவாயில்லை.

வழியில் கொல்லாமரத் தோப்பு, அதாவது முந்திரித் தோப்பு, வந்தால் பூ முடிந்து பழம் தொங்குகிற காலம். கேட்டால் ஒன்றிரண்டு கொடுப்பார்கள். கடித்ததும் சாறு வழியும், துணியில் பட்டால் அந்தக் கறை போகாது, வெள்ளைச் சட்டை வேண்டாம் என்றது இதற்குத்தான். பழத்துக்குக் கீழே நிற்கும் பச்சை அண்டியை, அதாவது முந்திரிக் கொட்டையைப் பல்லால் கடித்துப் பார்க்காதீர்கள், தோட்டில் இருக்கும் எண்ணெய் உதட்டைப் புண்ணாக்கும்.

பனங்காட்டு ஓரம் அக்கானி என்கிற பதநீர் விற்றால் காலையிலேயே குடியுங்கள், நேரமானால் புளிக்கும். பதினொன்றரைக்கு வீட்டுக்கோ சாப்பாட்டுக் கடைக்கோ போய்விடுங்கள். மதியத்தில் பார்க்க ஒன்றுமில்லை, வெயில் மட்டும்தான்.

7. எதிர்பார்க்கக் கூடாதவை

தாழம்பூ இந்த மாதத்தில் கிடைப்பது அபூர்வம், அது மழையோடு வருவது. வாய்க்கால் ஓரம் புதர் மட்டும் பார்த்துவிட்டு ஆடி ஆவணியில் திரும்ப வாருங்கள். தோவாளைப் பூச்சந்தையை இதே நாளில் சேர்க்காதீர்கள். அது ஆரல்வாய்மொழிப் பக்கம், எதிர்த்திசை, அதுவும் விடியற்காலையில்தான் சூடு பிடிக்கும். பிச்சிப்பூ மூட்டை அவிழ்க்கும்போது வரும் வாசனைக்காக இன்னொரு நாள் தனியாகப் போகலாம். சித்திரைப் பௌர்ணமிக்கு முக்கடல் கரையில் சூரியன் மறைவதையும் நிலா எழுவதையும் ஒன்றாகப் பார்க்கலாம் என்று கூட்டம் அலைமோதும், எனக்கு அந்த நெரிசல் ஒத்துக்கொள்ளாது, ஆசை இருப்பவர்கள் மதியமே போய் இடம் பிடியுங்கள்.

8. கனிக்குப் பூ வேண்டுமென்றால்

கண்ட மரத்தில் ஏறாதீர்கள். தெரிந்த வீட்டு மரத்தில் கேட்டு ஒரு சரம், இல்லையென்றால் முந்தின நாள் வடசேரிச் சந்தையில் கட்டு வாங்கலாம். காகிதத்திலும் பிளாஸ்டிக்கிலும் செய்த கொன்றையும் அன்று விற்பார்கள், தொட்டுப் பார்த்து வாங்குங்கள். வெட்டிய கொன்றை சீக்கிரம் துவளும், அதனால் சாயங்காலம் வெயில் தணிந்த பிறகு, பாதி மொட்டாக இருக்கும் சரமாகப் பார்த்து எடுத்து, காம்பை ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, ராத்திரி முழுக்கத் தண்ணீர்ச் செம்பில் நிறுத்தி வையுங்கள். விடியற்காலையில் உருளியில் அரிசியும் வெள்ளரிக்காயும் வைத்த பிறகு கடைசியாகப் பூவை எடுத்து வைத்தால் போதும்.