அரை ஒன்பது என்றால் ஒன்பதரை இல்லை: ஜெர்மனிக்குக் கிளம்பும் நம்ம ஏரியா பிள்ளைகளுக்கு

தண்டையார்பேட்டையில் அம்மா வீட்டில் மூன்று வார விடுமுறையில் இருக்கிறேன். எங்கள் தெருவிலிருந்தும் பக்கத்துத் தெருவிலிருந்தும் மூன்று பிள்ளைகள் செப்டம்பரில் ஜெர்மனிக்குக் கிளம்புகிறார்கள். சாயங்காலமானால் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்துகொண்டு கேட்கிறார்கள். “அக்கா, குக்கர் எடுத்துட்டுப் போகவா?” “அக்கா, குளிருக்கு இங்கயே ஸ்வெட்டர் வாங்கிடவா?” குக்கரை எடுத்துக்கொண்டு போங்கள், ஸ்வெட்டரை அங்கே வாங்குங்கள். ஆனால் எண்ணைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கிளம்பும்போது நானும் கேட்கவில்லை. ஒன்று இரண்டு மூன்று எந்த ஊரிலும் ஒன்று இரண்டு மூன்றுதானே என்று நினைத்தேன். அதனால் ஒரு வீடு கையை விட்டுப் போனது. அதோடு சேர்த்து ஆறு வாரமும் கணிசமான பணமும் போயின.

முதலில் அரசாங்க வேலைகள். இதையெல்லாம் உங்கள் ஏஜென்டே சொல்லியிருப்பார், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வீடு கிடைத்துக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் பதிய வேண்டும், அதற்குப் பெயர் அன்மெல்டுங். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று அதற்கு வேண்டும். முதல் தடவை பதிந்த பிறகுதான் வரி எண் தபாலில் வரும். மருத்துவக் காப்பீடு கட்டாயம். வாடகையில் கால்ட்மீட்டே என்பது வெறும் வீட்டுக்கு, வார்ம்மீட்டே என்பது ஹீட்டர், தண்ணீர் போன்ற செலவையும் சேர்த்து. பத்து மாச அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய நமக்கு ஒரு நல்ல செய்தி, அங்கே அட்வான்ஸ் மூன்று மாத கால்ட்மீட்டேக்கு மேல் கேட்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. இன்னொன்று, இரண்டு அறை வீடு என்று விளம்பரத்தில் இருந்தால் இரண்டு பெட்ரூம் என்று நினைத்துவிடாதீர்கள். ஹாலும் அதில் ஓர் அறை. அதாவது நம்ம ஊர் சிங்கிள் பெட்ரூம்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

ஹாம்பர்க்கில் துறைமுகச் சரக்கு வேலை. ராயபுரம் பக்கம் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்து வளர்ந்தவளுக்கு வேலை அந்நியமாக இல்லை, வீடுதான் கிடைக்கவில்லை. தற்காலிகமாகத் தங்கியிருந்த அறையில் பதிவுக்கான தாள் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நாற்பது விண்ணப்பம் போட்டிருப்பேன். கடைசியில் ஒரு பெரியவர் போனில் கூப்பிட்டார். ஆங்கிலம் தெரியாதவர். வியாழக்கிழமை வந்து வீட்டைப் பாருங்கள், “ஹால்ப் நொயன்” என்றார். ஹால்ப் என்றால் அரை, நொயன் என்றால் ஒன்பது, இரண்டு வார்த்தையும் எனக்குத் தெரியும். அரை, ஒன்பது. ஒன்பதரை. சந்தோஷமாக “யா, யா” என்றேன்.

வியாழக்கிழமை ஒன்பது பத்துக்கே போய்விட்டேன். சம்பளச் சீட்டு, பாஸ்போர்ட் நகல், பழைய வீட்டுக்காரர் கடிதம் எல்லாவற்றையும் நீல நிறக் கோப்பில் வரிசையாக வைத்திருந்தேன். கதவைத் திறந்த பெரியவர் என்னைப் பார்த்தார், கையில் கட்டியிருந்த வாட்சைப் பார்த்தார். “ஹால்ப் நொயன்” என்றார். நானும் “ஹால்ப் நொயன்” என்று சொல்லி, இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது என்று போனைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, வாட்சின் கண்ணாடிமேல் நகத்தை வைத்து எட்டரை இருக்கும் இடத்தைத் தட்டினார். உள்ளே சமையலறை மேசையில் ஒரு கணவனும் மனைவியும் ஒப்பந்தத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் இலை பழுத்து நின்றது. அந்த ஜன்னல் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

ஜெர்மனில் ஹால்ப் நொயன் என்றால் எட்டரை.

வீடு போனதோடு முடியவில்லை. வீடு இல்லாததால் பதிவு இல்லை, பதிவு இல்லாததால் வரி எண் வரவில்லை. வரி எண் இல்லாததால் அலுவலகத்தில் சம்பளத்தை ஆறாம் வரி வகுப்பில் போட்டார்கள். இருப்பதிலேயே அதிகம் பிடிப்பது அந்த வகுப்புதான். அடுத்த வருடம் கணக்குத் தாக்கல் செய்தபோது அதிகமாகப் பிடித்ததைத் திருப்பித் தந்தார்கள், உண்மைதான். ஆனால் அந்த ஆறு வாரமும் அறைக்கு இரட்டை வாடகை கொடுத்துக்கொண்டு, அம்மாவுக்குப் பணம் அனுப்ப முடியாமல் இருந்தது நான்தான். போனில் சொன்னபோது அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “எட்டரையப் போய் அரை ஒன்பதுன்னு யாருனா சொல்லுவாங்களா?” என்றது.

சொல்கிறார்கள். ஏன் சொல்கிறார்கள் என்று திங்கட்கிழமை அலுவலகத்தில் கூட வேலை செய்யும் அம்மா ஒருவர் காட்டினார். காகிதத்தில் கடிகாரம் வரைந்து, எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருந்த துண்டைப் பென்சிலால் பாதி வரை தீட்டினார். இது ஒன்பதாவது மணி, அதில் பாதி முடிந்திருக்கிறது, அதனால் ஹால்ப் நொயன் என்றார்.

அந்தத் துண்டைப் பார்த்ததும் எனக்கு எங்கள் ஆயா ஞாபகம் வந்துவிட்டது. ஆயா காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் தெருத்தெருவாக விற்றது. பள்ளிக்கூடம் போகவில்லை. கணக்கெல்லாம் விரல் கணுவில்தான். கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களின் கோடுகளில் ஏறி இறங்கும், விரலுக்கு மூன்று, ஒரு கைக்குப் பன்னிரண்டு. படியில் அரிசி அளந்தால் ஒன்று என்று சொல்லாது, “லாபம்” என்று சொல்லித்தான் ஆரம்பிக்கும். பேத்திக்கு என்ன வயசு என்று யாராவது கேட்டால் ஆயாவின் பதில் எப்போதும் இதுதான்: “எட்டு முடிஞ்சி ஒம்போது நடக்குது.”

அவ்வளவுதான் விஷயம். ஜெர்மன்காரர்கள் அரை மணியை நம் ஆயாக்கள் வயசு சொல்வதுபோலச் சொல்கிறார்கள். எட்டு முடிந்து ஒன்பது நடக்கிறது, பாதி நடந்திருக்கிறது. யாராவது ஹால்ப் என்று ஆரம்பித்தால் மனதுக்குள் “நடக்குது” என்ற வார்த்தையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹால்ப் ஆஹ்ட் என்றால் எட்டு நடக்குது, அதாவது ஏழரை. ஹால்ப் ஐன்ஸ் என்றால் ஒன்று நடக்குது, பன்னிரண்டரை.

இது நமக்குப் புரியாத புத்தி என்று நினைக்காதீர்கள். தொண்ணூறு என்று சொல்லிப் பாருங்கள், அதற்குள் நூறு இருக்கிறது. எண்பதுக்கு அடுத்த பத்துக்கு, இன்னும் வராத நூறை வைத்துப் பெயர் வைத்திருக்கிறோம். தொள்ளாயிரத்துக்குள் அதேபோல ஆயிரம் இருக்கிறது. வரப்போவதைச் சொல்லி இருப்பதை எண்ணும் வழக்கம் நம் வாயிலேயே இருக்கிறது, தினமும் சொல்வதால் கவனிப்பதில்லை. அப்பா சவுக்கார்பேட்டையில் பாத்திரக் கடையில் வேலை செய்தவர். கடையில் இந்தி பேசும் முதலாளிகள் எட்டே முக்காலுக்கு “பௌனே நௌ” என்பார்கள், ஒன்பதுக்குக் கால் குறைவு என்று அர்த்தம். ஐம்பத்து நாலுக்கு “சௌவன்”, அதில் நாலுதான் முன்னால் வரும். தங்கசாலைத் தெருவில் ஒரு நடை நடந்தால் தமிழ், தெலுங்கு, இந்தி, உருது என்று நாலு மொழியில் விலை காதில் விழும். வடசென்னைப் பிள்ளைக்கு மொழி வராது, பழக்கம் தெரியாது என்று எவராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. பல மொழிக் கணக்கு கேட்டு வளர்ந்த காது நம் காது. அதை அங்கே போய்ப் பயன்படுத்தினால் போதும்.

இன்னும் சில இடங்களில் அரையோடு நிற்காது. ட்ரெஸ்டன் பக்கமும் தெற்கே சில ஊர்களிலும் “ஃபியர்டல் நொயன்” என்றால் எட்டே கால், “ட்ரைஃபியர்டல் நொயன்” என்றால் எட்டே முக்கால். நாம் ஒன்பதே கால், ஒன்பதே முக்கால் என்று எழுதி வைத்துக்கொள்வோம், ஒரு மணி நேரம் போய்விடும். லண்டனில் இருந்துவிட்டு வருபவர்கள் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும், அங்கே “ஹாஃப் நைன்” என்றால் நிஜமாகவே ஒன்பதரை. நெதர்லாந்து, டென்மார்க், சுவீடன் எல்லாம் ஜெர்மன் வழிதான். நான் இப்போது யார் நேரம் சொன்னாலும், “எட்டு முப்பதா?” என்று எண்ணாகத் திருப்பிக் கேட்கிறேன், “ஆஹ்ட் ஊர் ட்ரைஸிஷ்?” என்று. ஒருவரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. முடிந்தால் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ரயிலிலும் கடிதத்திலும் 20:30 என்றுதான் போடுவார்கள், எழுத்தில் வந்துவிட்டால் குழப்பம் இல்லை.

அடுத்தது போன் நம்பர். ஐம்பத்து நாலை அவர்கள் “நாலும் ஐம்பதும்” என்று சொல்வார்கள். நம் கை முதலில் கேட்ட நாலை எழுதிவிடும், பிறகு ஐந்தை எழுதும், 54 என்பது 45 ஆகிவிடும். இரண்டிரண்டாக வேகமாகச் சொல்பவரிடம் “ஐன்ட்செல்ன், பிட்டே” என்று சொல்லுங்கள், ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். இரண்டுக்கு “ட்ஸ்வை” என்பதற்குப் பதில் “ட்ஸ்வோ” என்று வந்தால் பயப்படாதீர்கள். மூன்றுக்கு “ட்ரை” என்பதால் போனில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும், அதற்காக மாற்றிச் சொல்கிறார்கள். நார்வேயில் இப்படி “நாலும் ஐம்பதும்” என்று திருப்பிச் சொல்லும் தொல்லை வேண்டாம் என்று 1951இல் அரசாங்கமே எண் சொல்லும் முறையை மாற்றியது, டெலிபோன்தான் காரணம். ஜெர்மனியில் மாறவில்லை. வங்கிக் கணக்கு எண் 22 எழுத்தும் எண்ணும் கொண்டது, அதற்குள்ளேயே சரிபார்க்கும் இரண்டு இலக்கம் இருக்கிறது, இடம் மாற்றி எழுதினால் கணினி பிடித்துவிடும். போன் நம்பருக்கும் வீட்டு நம்பருக்கும் அப்படிக் காவல் கிடையாது.

கையெழுத்தில் ஒன்றுக்கு இடது பக்கம் நீளமாக ஒரு கோடு ஏறும், பார்க்க நம்ம ஏழு மாதிரியே இருக்கும். அவர்கள் ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு போடுவார்கள். அழைப்பு மணிப் பலகையைப் படிக்கும்போது உதவும். கடையில் விரலைக் காட்டினால் கட்டைவிரல்தான் ஒன்று, அதோடு ஆள்காட்டி விரல் சேர்ந்தால் இரண்டு.

புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறி நிற்கும், இதை மட்டும் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் நன்றாகப் பாருங்கள். 1.250 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது, ஒன்றேகால் அல்ல. 12,50 என்றால் பன்னிரண்டரை. லட்சக் கணக்கில் 12,50,000 என்று விண்ணப்பத்தில் எழுதினால் அவர்களுக்குத் தலைகால் புரியாது, காற்புள்ளி இல்லாமல் எழுதுங்கள். மில்லியன் பத்து லட்சம், அது அங்கேயும் அதேதான். மில்லியார்டே என்றால் நூறு கோடி, பில்லியோன் என்றால் லட்சம் கோடி. இங்கே ஆங்கிலச் செய்தியில் வரும் பில்லியன் வேறு, அந்த பில்லியோன் வேறு.

பிரான்ஸுக்குப் போகிறவர்கள் தொண்ணூறை “நாலு இருபது பத்து” என்று கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். பெல்ஜியத்திலும் பிரெஞ்சு பேசும் சுவிஸ் ஊர்களிலும் அதற்கே “நோனாந்த்” என்று ஒரே வார்த்தை. டென்மார்க்கில் ஐம்பதின் பெயருக்குள் “மூன்றாவதில் பாதி” இருக்கிறது, அதாவது இரண்டரை இருபது. ஹால்ப் நொயன் புரிந்தவர்களுக்கு அதுவும் புரியும்.

கிளம்பும் முன் வீட்டில் ஒன்று சொல்லிவிட்டுப் போங்கள். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் நாலரை, மார்ச் கடைசி ஞாயிறு அன்று திரும்ப மூன்றரை. எங்கள் அம்மா ராத்திரி ஒன்பதரைக்குச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டுத்தான் கூப்பிடும். கோடையில் அது எனக்கு ஆறு மணி, வேலை முடித்து எல்பே ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருப்பேன். குளிர்காலத்தில் அதுவே ஐந்து மணி, வெளியே இருட்டியிருக்கும், நான் இன்னும் அலுவலகத்தில் இருப்பேன், எடுக்க முடியாது. முதல் வருடம் அம்மாவுக்கு இது தெரியாது. ஒரு வாரம் தினமும் ஒன்பதரைக்குக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, மகளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பக்கத்து வீட்டில் போய் அழுதிருக்கிறது.

இப்போது அடுப்படியில் இரண்டு கடிகாரம் மாட்டி வைத்திருக்கிறேன். ஒன்றின் கீழே பாப்பா என்று அம்மா சாக்பீஸில் எழுதியிருக்கிறது.