ஒருநாள் விட்டால் எல்லாம் போச்சா?

டிசம்பர் கடைசியில் புது நோட்டு வாங்கிக் குறிக்கோள் எழுதுபவர்கள், பிப்ரவரிக்குள் ஏறக்குறைய ஒரே மாதிரியான இடங்களில்தான் விழுகிறார்கள். பேராசைப்படாதே, சோம்பேறித்தனம் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுவோம். அவ்வளவாகக் கண்ணில் படாத ஐந்து தவறுகள் இவை.

தவறிய ஒருநாளைத் தோல்வி என்று எண்ணுவது

குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர் ஒருவர். தினமும் காலை 5 மணிக்கு எழுந்து இரண்டு மணி நேரம் படிக்கிறார். 17ஆம் நாள் வீட்டில் விசேஷம், படிக்கவில்லை. மறுநாள் நான்கு மணி நேரம் உட்கார்ந்து ஈடுகட்டப் பார்க்கிறார், முடியவில்லை. அதற்கடுத்த நாள் நோட்டைத் திறக்கவே மனம் கூசுகிறது. அந்த வாரத்தோடு எல்லாம் நின்றுவிடுகிறது.

கெடுத்தது விசேஷம் அல்ல. "எனக்கெல்லாம் ஒழுங்கு வராது" என்று தனக்குத்தானே எழுதிக்கொண்ட தீர்ப்பு. குடியை நிறுத்தியவர்கள் ஒருமுறை குடித்ததும் பழையபடி ஆவது ஏன் என்று ஆராய்ந்த உளவியலாளர் ஆலன் மார்லட் சொன்னதும் இதுதான்: சறுக்கலுக்குத் தன் குணமே காரணம் என்று குமைபவர்தான் முழுதாக விழுகிறார்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு செயல் பழக்கமாகப் படிய நடுத்தரமாக 66 நாள். ஆளைப் பொறுத்து 18 முதல் 254 வரை போகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒருநாள் தவறியது பெரிதாகக் கெடுக்கவில்லை. இது தெரிந்தும் "21 நாளில் பழகிவிடும்" என்று இன்னமும் சொல்லிக்கொடுப்பது எரிச்சலாக இருக்கிறது. 22ஆம் நாளும் கஷ்டமாக இருந்தால், குறை தன்னிடம்தான் என்று படிப்பவர் நம்பிவிடுகிறார்.

தொடங்கும் அன்றே இரண்டு வரி எழுதி வையுங்கள். முதல் வரி, முடியாத நாளுக்கான அளவு: 10 நிமிடம், பழைய வினாத்தாளில் ஐந்து கேள்வி. இரண்டாவது, உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த "இப்படி ஆனால் இதைச் செய்வேன்" முறையில்: "காலையில் தவறினால், இரவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவியதும் அதே மேசையில் உட்காருவேன்." 'நேரம் கிடைக்கும்போது' என்று எழுதினால் கிடைக்காது; தினமும் தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள். விட்ட பாடத்தை மறுநாள் தலையில் ஏற்ற வேண்டாம். ஞாயிறு மாலை ஒரு மணி நேரத்தை அதற்கென்றே காலியாக வைத்தால் போதும்.

கோபத்தைத் தலையணையில் குத்தித் தீர்ப்பது

தீராது. உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட சோதனையில், கோபமூட்டியவரை நினைத்தபடி குத்துமூட்டையைக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகம் இருந்தது. இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குக் குறைவு.

முகத்தில் காட்டாமல் விழுங்குவது

வெளியே தெரியாவிட்டாலும் உடம்பின் படபடப்பு கூடுகிறது. அடக்குவதிலேயே கவனம் போவதால் எதிரில் இருப்பவர் சொன்னதும் மனதில் தங்குவதில்லை.

ஒரே மாதத்தில் ஐந்து குறிக்கோள்

ஒன்று போதும்.

மனம் உடைந்த பிறகும் அட்டவணையைத் திருத்திக்கொண்டிருப்பது

தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் நோட்டை மூடிவிட்டு உதவி கேளுங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, நள்ளிரவிலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.