கருத்துக்கணிப்புக்கு மாதிரி எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதிரியில், அதாவது எல்லோருக்கும் பதிலாகக் கேள்வி கேட்கத் தேர்ந்தெடுக்கும் சிலரில், ஆட்கள் எண்ணிக்கை கூடினால் முடிவு தானாகச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையே முதல் தவறு. 1936-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற வார இதழ் ஏறத்தாழ ஒரு கோடி பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரியை அஞ்சலில் அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை எண்ணி, ரூஸ்வெல்ட் தோற்பார் என்று அறிவித்தது. அவரோ 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசிக் கையேடுகளிலிருந்தும் கார்ப் பதிவேடுகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை. கடும் பொருளாதார மந்தக் காலத்தில் அவ்விரண்டும் யாரிடம் இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, சீட்டு பெற்றவர்களில் நான்கில் ஒரு பங்கினரே பதில் எழுதினர். வாட்ஸ்ஆப் குழுக்களில் கூகுள் படிவத்தைச் சுற்றுக்கு விட்டு ‘மக்கள் கருத்து’ என்று வெளியிடுவோர் செய்வதும் இதுவேதான்.

மாதிரி எடுக்க வாக்காளர் பட்டியல் நல்ல அடிப்படைதான், ஆனால் எல்லா ஆய்வுக்கும் அன்று. பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் அதில் இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் வெளியூர்க்காரர்கள் பலரின் பெயர் சொந்த ஊர்ப் பட்டியலிலேயே இருக்கும்.

பட்டியலில் 1,200 பெயர்கள் இருந்து 60 பேர் தேவையென்றால், 1 முதல் 20 வரையிலான எண்களில் ஒன்றைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அது 7 என்றால் 7, 27, 47 என்று இருபது இருபதாகத் தாண்டிச் செல்லலாம். இதுவரை எவரும் பெரிதாகத் தவறுவதில்லை. தவறுவது தெருவில் இறங்கிய பிறகுதான். பூட்டிய வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினால், பகலில் வேலைக்குப் போகிறவர்கள் மாதிரியிலிருந்து சத்தமில்லாமல் நழுவிவிடுவார்கள். ஆகவே மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ அதே வீட்டுக்குத் திரும்பச் செல்வதே முறை.

ஆட்களின் பெயரன்றி வீடுகளை மட்டும் குலுக்கி எடுத்திருந்தால், கதவைத் திறந்தவரையோ, “அவரையே கேளுங்க” என்று கைகாட்டப்படும் குடும்பத் தலைவரையோ கேட்டுவிட்டு வருவதும் பிழையாகும். வீட்டில் உள்ள பெரியவர்களை வயது வரிசையில் எழுதிக்கொண்டு, அவர்களில் ஒருவரை முன்பே தயாரித்த அட்டவணைப்படி தேர்ந்தெடுக்கும் முறையைப் புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் 1949-இல் வகுத்தார். அப்போதும் தனியாக வாழ்பவர் கட்டாயம் தேர்வாவார், ஐந்து பெரியவர்கள் உள்ள வீட்டிலோ ஒருவருக்கு ஐந்தில் ஒரு வாய்ப்பே உண்டு என்பதால், கணக்கிடும்போது பின்னவரின் பதிலுக்கு ஐந்து மடங்கு எடை தர வேண்டும், அதாவது அதை ஐந்து பேரின் பதிலாக எண்ண வேண்டும்.